மண் பாதையில் ஒரு பரீட்சை

திண்டிவனத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் வெளியிடவில்லை. கடிதத்தின் சாராம்சம் இதுதான்:

"எனக்கு ஒரு பையன், ஒரு பெண். பையன் விழுப்புரத்தில் வேலை பார்க்கிறான். தினமும் மோட்டார் ஸைக்கிளில் போய்வருகிறான். பெண்ணுக்கு 24 வயது. சென்னையில் உத்தியோகம். தன் சம்பளத்திலேயே ஒரு மோட்டார் ஸைக்கிள் வாங்கினாள். அதுவரை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மண்ணிலும் மணலிலும் மேடு பள்ளத்திலும் வண்டி ஓட்டுகிற பந்தயம் ஒன்றில் சேரப் போகிறேன் என்கிறாள். 'எண்டியூரோ' என்று பெயராம். 'புதிதாக வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறது, பயப்படாதே அம்மா' என்கிறாள். அவள் அப்பாவோ பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். வரன் பார்த்துக்கொண்டிருக்கிற பெண். கை கால் ஒடிந்தால் யார் பொறுப்பு? 'போ' என்று சொல்வதா, 'போகாதே' என்று சொல்வதா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன், அந்தப் பெண் எதில் சேரப் போகிறாள் என்பதைத் தெரிந்துகொள்வோம். நேயர்களில் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும்.

வேகம் மட்டும் போதாது

மோட்டார் பந்தயம் என்றதும் சோழவரத்தை நினைத்துக்கொள்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யுத்த காலத்து விமான தளத்தில், காதைப் பிளக்கிற சத்தத்தோடு வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்த இடம் அது. பிற்பாடு அந்தப் பந்தயங்களெல்லாம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன. அங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யார் முதலில்?

எண்டியூரோவில் அந்தக் கேள்வி கடைசியில்தான் வரும். 'தாக்குப் பிடித்தல்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. காடு, மேடு, ஓடை, மணல் என்று ஒரு வழியை முன்கூட்டியே அடையாளமிட்டு வைக்கிறார்கள். வழியில் ஆங்காங்கே சோதனைச் சாவடிகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை. இந்தச் சாவடிக்கு இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்கு வரவேண்டும் என்று அதில் குறித்திருக்கும். தாமதமாக வந்தால் அபராதம். சரி, முந்தி வந்தால்? அதற்கும் அபராதம்! இடையிடையே சில குறிப்பிட்ட துண்டுகளில் மட்டும் கடிகாரத்தை வைத்து வேகத்தை அளப்பார்கள். வண்டி வழியில் பழுதானால் ஓட்டுகிறவரே ஸ்பானரை எடுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். சமையலையும் ஆபீஸ் பஸ்ஸையும் குழந்தைகளின் பள்ளிக்கூட மணியையும் ஒரே காலையில் சமாளிக்கிற நம் சகோதரிகளுக்கு இந்த ஆட்டத்தின் விதிகள் ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது.

இது நேற்று முளைத்த வேடிக்கையும் இல்லை. 1913-ம் வருஷம் இங்கிலாந்தில் கார்லைல் நகரத்தில் 'சர்வதேச ஆறு நாள் பரீட்சை' என்ற பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. மோட்டார் ஸைக்கிள் உறுதியான சாதனம்தானா, நம்பி ஏறலாமா என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக ஏற்பட்ட பரீட்சை அது. 1981-ல்தான் 'பரீட்சை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'எண்டியூரோ' என்று மாற்றினார்கள். எனக்கென்னவோ பழைய பெயரே பொருத்தமாகப் படுகிறது. அதில் மதிப்பெண் கொடுக்கிற முறையும் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிதான். தன் வகுப்பில் முதலாவதாக வந்தவரை ஒட்டினாற்போல் வந்தவர்கள் எல்லோருக்கும் தங்கப் பதக்கம். அதற்கு அடுத்த படியில் வந்தவர்களுக்கு வெள்ளி. ஆறு நாளும் ஓட்டி முடித்து வந்து சேர்ந்தவர்களுக்கு வெண்கலம். ஒருவர் ஜெயிக்க மற்றவர்கள் எல்லோரும் தோற்பது என்பது இங்கே இல்லை. முடித்தவர்கள் அத்தனை பேரும் தேறியவர்களே.

முதல் வகுப்பிலிருந்து பாலர் வகுப்பு வரை

"புதியவர்களுக்குத் தனி வகுப்பு" என்று பெண் சொன்னது சமாதானத்துக்காகச் சொன்னதாக இருக்கும் என்று அம்மா நினைத்திருக்கலாம். இல்லை, உண்மைதான். ருமேனியா தேசத்து மலைகளில் 2004 முதல் நடந்துவருகிற பிரசித்தமான எண்டியூரோ ஒன்று உண்டு. உலகத்திலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று என்று பெயரெடுத்தது. அதிலும் எல்லோரையும் ஒரே பாதையில் விரட்டுவதில்லை. தங்கம், வெள்ளி, வெண்கலம், இரும்பு, அணு என்று வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். செங்குத்தாக ஏறுகிற சூரர்களுக்குத் தங்க வகுப்பு. அணு வகுப்போ ஏறக்குறைய பாலர் வகுப்பு. ஒரே மலை, ஒரே நாள்; பாதை மட்டும் அவரவர் கைத்திறமைக்குத் தக்கபடி பிரிந்து போகும்.

நம் நாட்டிலும் மண் பாதைப் போட்டிகளில் எஞ்சினின் அளவை வைத்துச் சில வகுப்புகள், அனுபவத்தை வைத்துச் சில வகுப்புகள், பெண்களுக்கென்று தனி வகுப்பு என்று பிரிப்பது வழக்கம். புதியவர்களுக்குச் சில மைல் நீளமுள்ள ஒரே சுற்றுப் பாதையைப் போட்டு, ஒரு மணியோ இரண்டு மணியோ நேரத்தில் எத்தனை சுற்று வருகிறார்கள் என்று பார்க்கிற எளிய முறையும் உண்டு. களைத்துப்போனால் வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு மறுபடியும் போகலாம்.

இந்த விளையாட்டின் சுபாவத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். ஆஸ்திரியாவில் இரும்புத் தாது வெட்டியெடுக்கிற ஒரு மலையில் 1995-லிருந்து ஒரு போட்டி நடக்கிறது. இறுதிப் பந்தயத்துக்குப் புறப்படுகிறவர்கள் 500 பேர். குறித்த நேரத்துக்குள் முடிக்கிறவர்களை அநேகமாக விரல்விட்டு எண்ணிவிடலாம். 2015-ம் வருஷம் முன்னணியில் வந்த நான்கு பேர் ஒரு செங்குத்துச் சரிவில் வந்து மாட்டிக்கொண்டார்கள். தனியாக ஒருவராலும் ஏற முடியவில்லை. நான்கு பேரும் போட்டியை மறந்துவிட்டு, ஒருவர் வண்டியை ஒருவர் கைகொடுத்து இழுத்து, தள்ளி, நான்கையும் மேலே ஏற்றினார்கள். பிறகு சேர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள். நான்கு பேருமே முதல் என்று முடிவாயிற்று. சேற்றில் கிடக்கிற வண்டியைக் கண்டால் இறங்கிக் கைகொடுக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டில் முதல் வகுப்புக்கும் தெரியும், பாலர் வகுப்புக்கும் தெரியும்.

நம் வாசலில் நிற்கிற வண்டி

'இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு?' என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு 'புல்லட்'டைக் காட்டுங்கள். போலீஸ் இன்ஸ்பெக்டரும், மீசை வைத்த சித்தப்பாவும் 'டப் டப்' என்று ஓட்டிவருகிறார்களே, அதே புல்லட். அந்த வண்டியும் இந்த ஆறு நாள் பரீட்சையில் ஓடித் தேறியதுதான். 1948-ல் இத்தாலியின் ஸான் ரெமோ நகரத்தில் நடந்த பரீட்சையில், பின் சக்கரத்துக்கும் வில் வைத்த புதுமாதிரி புல்லட்டுகள் இரண்டு ஓடி, இரண்டும் தங்கப் பதக்கம் வாங்கின. அப்படித் தேறிய வண்டியைத்தான் 1955-க்குப் பிறகு சென்னை திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். ஆகவே எண்டியூரோவின் பேரப்பிள்ளை நம் தெருவில்தான் வெகுநாளாக நின்றுகொண்டிருக்கிறது.

அதுகூட வேண்டாம். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் அதிகாலையில் பாருங்கள். டி.வி.எஸ். மொபெட்டின் இரண்டு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு, ஒருவர் வரப்பு மேட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுகிறார். நேற்றைய மழையில் களிமண் வழுக்குகிறது. காலைத் தரையில் ஊன்றாமல், ஆக்ஸிலேட்டரை முறுக்கியும் முறுக்காமலும், பார்வையைச் சக்கரத்தின் மேல் வைக்காமல் ஏறவேண்டிய மேட்டின் மேல் வைத்து, பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறிவிடுகிறார். எண்டியூரோப் பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான். 1980-ல் ஓசூரில் அந்தச் சின்ன வண்டியைச் செய்து வெளியிட்டபோது, கிராமத்து மண் பாதைக்கு ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பால்காரருக்குப் பதக்கம் கொடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வழி போட்டுவைத்த பெண்கள்

இனிப் பெண் விஷயத்துக்கு வருவோம். 1927-ல் ஆறு நாள் பரீட்சை இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் ஆம்பிள்ஸைடு என்ற ஊரில் நடந்தது. பிரிட்டனின் சார்பில் மூன்று பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஓட்டினார்கள்: மார்ஜரி காட்டில், ஈடித் ஃபோலி, லூயிஸ் மக்லீன். ஆண்களின் குழுக்களோடு போட்டியிட்டு 'வெள்ளிக் கலசம்' என்ற சர்வதேசப் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்கள். பெண்கள் மோட்டார் ஸைக்கிளில் பின்னால் உட்காருவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது.

2015-க்கு வாருங்கள். தென் அமெரிக்காவில் ஆர்ஜென்டினா, சிலி, பொலிவியா என்று மூன்று தேசங்களைச் சுற்றிவருகிற டக்கார் பந்தயம். அந்த வருஷம் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் மோட்டார் ஸைக்கிளில் 36-வதாக வந்து, டக்காரை முடித்த முதல் இந்தியர் என்ற பெயரை வாங்கினார். நமக்கெல்லாம் பெருமை. அதே பந்தயத்தில், அதே பாதையில், மோட்டார் ஸைக்கிளில் 9-வதாக வந்தவர் லாயா ஸான்ஸ். ஸ்பெயின் தேசத்துப் பெண்! ஆண்களுக்கு ஒரு பாலைவனம், பெண்களுக்கு ஒரு பாலைவனம் என்று அங்கே கிடையாது.

நம் பக்கத்துப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே. பெங்களூர்க்காரர், ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியின் பந்தயக் குழுவுக்காக ஓட்டிவந்தவர். 2019-ல் 'பாஹா' என்று சொல்லப்படுகிற நெடுந்தூர மண் பாதைப் பந்தயங்களின் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை ஜெயித்தார். துபாய், போர்ச்சுகல், ஸ்பெயின், ஹங்கேரி என்று நான்கு இடங்களில் ஓட்டிச் சேர்த்தது 65 புள்ளிகள். இரண்டாவதாக வந்த போர்ச்சுகல் பெண்ணைவிட நான்கே புள்ளிகள்தான் அதிகம். மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் அவர். ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்துத்தான் 'முதல் இந்தியர்' என்கிறேன்.

எலும்பு ஒடியாதா?

ஒடியும். இந்த இடத்தில் பூசி மெழுகிச் சொல்வதில் பிரயோஜனமில்லை. ஐஸ்வர்யாவுக்கு 2017-ல் தோளில் காறை எலும்பு முறிந்தது. 2018-ல் ஸ்பெயினில் விழுந்ததில் கணையத்தில் பலத்த அடி. அதற்கு அடுத்த வருஷம்தான் உலகக் கோப்பை. சந்தோஷ் 2021-ல் சவூதி அரேபியப் பாலைவனத்தில் விழுந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டுவந்தார். கேரளத்து ஹரித் நோவா 2023 டக்காரில் ஆரம்பத்திலேயே விழுந்து முதுகெலும்பில் காயம்பட்டுத் திரும்பினார். 2024-ல் மறுபடியும் போய் மொத்தத்தில் 11-வதாகவும் தன் வகுப்பில் முதலாகவும் வந்தார். சரித்திரம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெற்றவர்களின் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட சரித்திரம்தான்.

ஆனால் அம்மா, இவர்கள் மூவரும் ஏறியிருப்பது இந்த ஏணியின் உச்சிப் படி. முன்பின் தெரியாத பாலைவனத்தில், அசுர வேகத்தில் போகிறவர்கள். உங்கள் பெண் கால் வைக்கப்போவது கீழ்ப் படியில். புதியவர்கள் வகுப்பில் வண்டி அநேகமாக முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஊர்ந்துகொண்டிருக்கும். மணலில் சக்கரம் புதையும், பெண் விழுவாள், எழுந்து வண்டியைத் தூக்குவாள், மறுபடியும் விழுவாள். முழங்கை சிராயும், கணுக்கால் சுளுக்கும். கை எலும்பு ஒடிகிற சந்தர்ப்பமும் இல்லாமலில்லை. ஆனால் எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. போன் பேசிக்கொண்டே கார் ஓட்டுகிற மனிதர் பின்னாலிருந்து இடிக்க மாட்டார்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. பையன் தினமும் விழுப்புரம் போய்வருகிறான் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோ மீட்டர், போய்வர 80. சென்னையிலிருந்து தெற்கே போகிற அத்தனை பஸ்ஸும், லாரியும், காரும் விரைந்து ஓடுகிற நெடுஞ்சாலை அது. அந்த ரோட்டு விபத்துகளைப் பத்திரிகையில் படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று நாம் எல்லோரும் பக்கத்தைப் புரட்டியவர்கள்தானே? பையன் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு போகிறானா, கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறானா? அவன் திரும்பி வருகிறவரை நீங்கள் வாசலில் நிற்கிறீர்களா?

பையனைத் தினமும் நெடுஞ்சாலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். பெண் தலை முதல் கால் வரை கவசம் போட்டுக்கொண்டு, டாக்டரும் ஆம்புலன்ஸும் காத்து நிற்கிற மைதானத்தில் ஒரு நாள் ஓட்டுகிறேன் என்றால் வீடே நடுங்குகிறது. பழகிப்போன அபாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிய அபாயம் பூதமாகத் தெரிகிறது. அதோடு 'வரன் பார்க்கிற பெண்' என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. மகன் கை ஒடிந்தால் கட்டுப் போட்டால் சரியாகிவிடும். மகள் கை ஒடிந்தால் கல்யாணமே ஒடிந்துவிடும் என்று நமக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்குச் சரிதானா என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு தடவை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மண்ணில் வழுக்குகிற வண்டியைப் பிடித்துப் பழகியவளுக்குத் தார் ரோட்டில் சிந்திக் கிடக்கிற மணலோ, மழை நீரோ, திடீர்ப் பிரேக்கோ வந்தால் கை தானாகவே வேலை செய்யும். பார்வையைத் தூரத்தில் வைப்பது, ஒரு விரலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போவது, பதற்றத்தில் காலை நீட்டாமல் இருப்பது எல்லாம் உயிர் காக்கிற பழக்கங்கள். சொல்லப்போனால், அண்ணனையும் தங்கையோடு அனுப்பிவைத்தால் தேவலை.

சரி சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

சும்மா 'போய்வா' என்று சொல்லிவிடச் சொல்லவில்லை. காய்கறி வாங்கும்போதே நாலு கேள்வி கேட்கிறவர்கள் நாம், இதற்குக் கேட்காமலிருக்கலாமா?

முதலாவது, நடத்துகிறவர்கள் யார்? இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் சம்மேளனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் அங்கீகாரம் போட்டிக்கு உண்டா, ஓட்டுகிறவருக்கு அதன் லைசென்ஸ் தேவையா என்று கேளுங்கள். சர்க்காரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொது ரோட்டில் பந்தயம் வைப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். நாலு நண்பர்கள் செல்போனில் செய்தி அனுப்பிக் கூடுகிற 'போட்டி'க்கு இந்தக் கட்டுரை சிபாரிசு இல்லை.

இரண்டாவது, வைத்திய வசதி. ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? பாதையின் நடுவில் ஒருவர் விழுந்தால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவார்கள்? பக்கத்து ஆஸ்பத்திரி எது? எல்லோருக்கும் கடைசியில் ஒருவர் ஓட்டிவந்து, பின்தங்கியவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவாரா? இந்த நாலுக்கும் உடனே பதில் வராவிட்டால் அந்தப் போட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, இன்ஷூரன்ஸ். வண்டிக்கு எடுத்திருக்கிற சாதாரண பாலிஸி பந்தயத்தில் நேர்கிற சேதத்துக்குப் பொருந்தாது. வைத்தியச் செலவு பாலிஸியிலும் சாகஸ விளையாட்டுகளை விலக்கியிருப்பது உண்டு. சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் விபத்துப் பாலிஸி எடுத்திருக்கிறார்களா என்றும், 'என்ன நேர்ந்தாலும் என் பொறுப்பு' என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, கவசம். முழு முகத்தையும் மூடுகிற ஹெல்மெட், கண்ணாடி, மார்புக்கும் முதுகுக்கும் காப்பு, முழங்கை முழங்கால் காப்பு, கையுறை. எல்லாவற்றுக்கும் மேலாக பூட்ஸ். புதியவர்கள் பணத்தை ஹெல்மெட்டில் போட்டுவிட்டு, காலில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள். வண்டி சாயும்போது முதலில் அகப்பட்டுக்கொள்வது கணுக்கால்தான். கண்ணாலம் காட்சிக்கு நகை இரவல் வாங்குகிற மாதிரி பூட்ஸை இரவல் வாங்கக்கூடாது. அளவு சரியாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பயிற்சி. போட்டியன்றுதான் முதன்முதலாக மண்ணில் ஓட்டுவது என்பது பரீட்சையன்று புத்தகத்தைத் திறப்பது போல. தக்க ஆளிடம் இரண்டு மூன்று நாளாவது கற்றுக்கொள்ள வேண்டும். டக்கார் புகழ் சந்தோஷே கோலாருக்குப் பக்கத்தில் மண் பாதைப் பயிற்சிக்கென்று ஒரு திடலை அமைத்தார். கால்பிடியில் எழுந்து நின்று, முழங்காலால் பெட்ரோல் டாங்கியை அணைத்து ஓட்டுவது. மணலில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து ஆக்ஸிலேட்டரை விடாமல் பிடிப்பது. பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டால் பதறாமல் திருப்பிக்கொண்டு இறங்குவது. விழுந்த வண்டியை இடுப்பு பிடிக்காமல் தூக்குவது. டயரில் காற்றை எவ்வளவு குறைப்பது. இவ்வளவும் தெரிந்தால் பாலர் வகுப்புக்குப் போதும். வீட்டில் தினமும் உட்கார்ந்து எழுந்திருக்கிற தேகப்பயிற்சியும் செய்யட்டும்.

ஆறாவது, பெண்கள் கேட்கக் கூச்சப்படுகிற விஷயம். உடை மாற்ற மறைவான இடமும் சுத்தமான கழிவறையும் உண்டா? 'ஏற்பாடு செய்கிறோம்' என்று இழுத்தால், பெண்கள் வருவார்கள் என்று அவர்கள் உண்மையில் எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். கட்டாயம் கேட்க வேண்டும். கேட்கக் கேட்கத்தான் வசதி வரும்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கியர் வண்டிக்கு லைசென்ஸ் 18 வயதில்தான். 2019-ல் திருத்திய சட்டப்படி, சிறுவன் ரோட்டில் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு.

ஊரும் மண்ணும்

அந்தப் பெண் லீவில் திண்டிவனம் வரும்போது பழக வேண்டுமென்று ஆசைப்படுவாள். செம்மண் மேடு, செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்று, மரக்காணம் பக்கத்து மணல் என்று அந்த வட்டாரத்தில் இல்லாத பாடம் இல்லை. ஆனால் கண்ட இடத்தில் வண்டியை விடக்கூடாது. செஞ்சிக் கோட்டை தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. திருவக்கரையில் கிடக்கிற கல்லாகிப்போன மரங்கள் தேசியச் சின்னம். மரக்காணத்தையொட்டிய கழுவெளி 2021-லிருந்து பறவைகள் சரணாலயம். ஏரிக்கரை மேல் ஓட்டினால் கரை பிளக்கும். பிளந்தால் முழுகுவது யாரோ ஒருவருடைய நெல். தரிசு நிலமாக இருந்தாலும் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் சக்கரம் வைக்க வேண்டும். கேட்டால் அநேகமாகச் சம்மதிப்பார்கள். இளநீரும் வெட்டிக் கொடுப்பார்கள். தை, மாசி மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் சேறு. சித்திரை அக்னி நட்சத்திரத்தில் கவசத்துக்குள் உடம்பு வெந்துவிடும்.

நிற்க, திண்டிவனத்து அம்மாவுக்கு என் அபிப்பிராயம் இது. உங்கள் பெண்ணுக்கு 24 வயது. சட்டப்படி உங்கள் சம்மதம் தேவையில்லை. வண்டி வாங்க உங்களிடம் பணம் கேட்கவில்லை. அப்படியிருந்தும் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறாளே, அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 'போகாதே' என்று அடித்துச் சொன்னால் அவள் போகாமல் இருந்துவிட மாட்டாள். அடுத்த தடவை சொல்லாமல் போவாள். அப்போது பூட்ஸ் சரியாக இருக்கிறதா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று கேட்பதற்கு ஆளில்லாமல் போய்விடும். எலும்பு ஒடிவதைவிட எனக்குப் பெரிய அபாயமாகத் தோன்றுவது அதுதான்.

ஆகவே மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதி அவள் கையில் கொடுங்கள். ஆறுக்கும் திருப்தியான பதில் கொண்டுவந்தால் சம்மதியுங்கள். ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும், அந்தப் போட்டி வேண்டாம், அடுத்ததைப் பார்க்கலாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். நியாயம் இருக்கிற மறுப்பை அவளும் ஏற்றுக்கொள்வாள். உங்கள் வீட்டுக்காரர் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறார் என்றீர்கள். அந்தக் காகிதத்தில் இன்ஷூரன்ஸ் கேள்வியை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பாலிஸியின் சிறிய எழுத்தைப் படிக்க உட்கார்ந்த மனிதர் நடுவில் எழுந்திருக்க மாட்டார்.

போட்டியன்று நீங்களும் போய்வாருங்கள். ஒரு குடை, ஒரு பாத்திரம் நிறைய உப்புப் போட்ட நீர்மோர், மாற்றுப் புடவை ஒன்று. மாற்றுப் புடவை உங்களுக்குத்தான்; செம்மண் புழுதி பொல்லாதது. பெண் எத்தனாவதாக வந்தாள் என்று கேட்காதீர்கள். எத்தனை தடவை விழுந்தாய், எத்தனை தடவை எழுந்தாய் என்று கேளுங்கள். இரண்டு எண்ணிக்கையும் சமமாக இருந்தால் பரீட்சை தேறிவிட்டாள் என்று அர்த்தம்.

மறுநாள் காலை பையன் விழுப்புரத்துக்குக் கிளம்பும்போது ஹெல்மெட் எங்கே இருக்கிறது என்று மட்டும் மறக்காமல் பாருங்கள்.